பாட்டில் கேட்கும் அழுகை யாருடையது?

பாட்டு எழுதுவது பற்றி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய முக்கியமான கேள்விகள் மூன்றே வரிதான். பாட்டு எழுதுகிறவர்கள் எதற்காக எழுதுகிறார்கள்? மனசில் இருப்பதை எப்படி அதற்குள் கொண்டுவருகிறார்கள்? பெரிதாக எந்தத் துயரமும் படாத நான் சோகப் பாட்டு எழுதினால் அது பொய்யாகிவிடாதா? முதல் இரண்டும் பொதுவாகக் கேட்டவை. உண்மையில் அவரை உறுத்துவது மூன்றாவதுதான் என்று தோன்றுகிறது. பாட்டில் கேட்கிற உணர்ச்சி எழுதியவரிடமிருந்து வருகிறதா, அவரிடம் இல்லாவிட்டால் வேறு எங்கிருந்துதான் வருகிறது என்பதே விஷயம். நான் பல வருடங்களாக நாடகங்களுக்கும் தனிப்பாடல்களுக்கும் மெட்டுப் போடுகிறவன். பாட்டு எழுதக் கற்றுக்கொள்ள வருகிறவர்களோடு உட்கார்ந்து வரிகளை அடித்துத் திருத்துவதும் உண்டு. ஆராய்ச்சியாளன் இல்லை. கீழே இசை உளவியல் பற்றிச் சொல்வதெல்லாம் வாசித்துத் தெரிந்துகொண்டது. மெட்டு, வரி, குரல் பற்றிச் சொல்வது கையால் செய்து பார்த்தது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்க வேண்டாம்.

ஏன் எழுதுகிறார்கள் என்பதற்கு எழுதுகிறவர்கள் சொல்லும் பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். பேட்டிகளில் வரும் 'இந்தப் பாட்டு பிறந்த கதை' பெரும்பாலும் பாட்டு பிரபலமான பிறகு பிறந்த கதை. உள்ளே இருந்து பார்த்தால் காரணங்கள் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். யாரோ கேட்டார்கள், பணம் வரும், தேதி குறித்துவிட்டார்கள். நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒருத்தரிடம் நேரே சொல்ல முடியாததைச் சுற்றி வளைத்தாவது சொல்லிவிட வேண்டும். இவற்றையெல்லாம்விட நான் அதிகம் பார்த்த காரணம் கொஞ்சம் சப்பென்று இருக்கும். ஆர்மோனியத்திலோ கிட்டாரிலோ விரல் தற்செயலாகப் போன இடத்தில் ஒரு துணுக்கு சிக்குகிறது. அது பாதியில் நிற்கிறது. அதை முடிக்காமல் வேறு வேலை ஓடாது. அந்த நேரத்தில் நெஞ்சில் சோகமும் இருக்காது, காதலும் இருக்காது. முடிச்சை அவிழ்க்கிற பிடிவாதம் மட்டும் இருக்கும். இது என்ன பாட்டு என்பது பாதி வழி போன பிறகுதான் செய்கிறவருக்கே தெரியவரும்.

சினிமாப் பாட்டு உருவாகும் விதத்தை யோசித்துப் பாருங்கள். இயக்குநர் சூழலைச் சொல்கிறார். இசையமைப்பாளர் மெட்டுப் போடுகிறார். அந்த மெட்டு வெறும் 'தன்னானே'யாகவோ, அர்த்தமில்லாத டம்மி வரிகளோடோ பாடலாசிரியரிடம் போகிறது. அவர் அந்தச் சந்தத்துக்குள் வார்த்தைகளை உட்கார வைக்கிறார். பாடகர் வந்து ட்ராக்கைக் கேட்டு, பாடிக் கொடுத்துவிட்டு அடுத்த ரெக்கார்டிங்குக்குக் கிளம்புகிறார். திரையில் வாயசைப்பவர் இன்னொருவர். காதலனைப் பறிகொடுத்தவள் என்று ஒருத்தி இந்த வரிசையில் எங்குமே இல்லை. அவள் கதையில் மட்டும் இருக்கிறாள். ஆனால் அதைக் கேட்டு வரும் கண்ணீர் நிஜம். ஆகவே, பட்டவர்தான் எழுத முடியும் என்பது விதி இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எதிர்ப்பக்கமும் உண்மை. நிஜமாகவே நொறுங்கிப் போயிருப்பவர் அதே வாரத்தில் எழுதும் பாட்டு பெரும்பாலும் தேறுவதில்லை. எல்லா வரியும் ஒரே உயரத்தில் நின்று கத்தும். எதை விடுவது என்று தெரியாமல் அத்தனையும் உள்ளே வந்திருக்கும். கவிதை என்பது அமைதியில் நினைத்துப் பார்க்கப்படும் உணர்ச்சியிலிருந்து பிறக்கிறது என்று ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1800இல் எழுதியது இதைத்தான். பாட்டு விஷயத்தில் உடம்பும் அதற்குச் சாட்சி. அழும்போது தொண்டை இறுகுகிறது, மூச்சு துண்டுதுண்டாகிறது, சுருதி நிற்பதில்லை. அழுகையைப் பாட வேண்டுமென்றால் பாடுகிறவர் அழாமல் இருந்தாக வேண்டும். அழுகையின் அடையாளங்களை மட்டும் அவர் கடன் வாங்குகிறார். சொல் தொடங்கும் இடத்தில் குரலில் ஒரு சின்ன உடைசல், வரி முடிகிற இடத்தில் கசியும் மூச்சு, ஸ்வரத்தை நேரே பிடிக்காமல் கீழிருந்து தடவி ஏறுவது. நல்ல பாடகர் இதை எத்தனை டேக் வேண்டுமானாலும் அதே அளவில் செய்வார். அதைப் போலித்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துவிடுவது நல்லது. 'இது சோகப் பாட்டு' என்று புரிந்துகொள்வது ஒன்று. 'இதைக் கேட்டால் எனக்கு என்னமோ பண்ணுகிறது' என்பது இன்னொன்று. கல்யாண வீட்டில் ஒலிக்கும் சோகப் பாட்டைச் சோகம் என்று கண்டுபிடித்துவிட்டு நீங்கள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கலாம். ஸ்வீடனைச் சேர்ந்த இசை உளவியலாளர் ஆல்ஃப் கேப்ரியல்சன் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொன்னவர். முதலாவதைப் பற்றி நமக்கு நிறையவே தெரியும். இரண்டாவதுதான் சிக்கல்.

முதலாவதில் உறுதியானது என்ன? இசையில் உணர்ச்சியைக் காட்டும் அடையாளங்களில் கணிசமானவை பேச்சிலிருந்து வந்தவை. பாட்ரிக் யூஸ்லினும் பெட்ரி லவுக்காவும் 2003இல் குரல் வெளிப்பாடு பற்றிய 104 ஆய்வுகளையும் இசை நிகழ்த்துதல் பற்றிய 41 ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சோகமாகப் பேசுகிறவர் மெதுவாக, தணிந்து, மங்கிய குரலில் பேசுகிறார். சோகமாக வாசிக்கிறவரும் அப்படியே செய்கிறார். கோபத்தில் வேகம் கூடுகிறது, சத்தம் ஏறுகிறது, ஒலியில் கூர்மை வருகிறது. வாத்தியத்திலும் அதே கதை. பக்கத்து வீட்டில் புரியாத மொழியில் சண்டை நடந்தாலும் சண்டை என்று தெரிந்துவிடுகிறது இல்லையா, அதே திறமையைத்தான் வயலினைக் கேட்கும்போதும் பயன்படுத்துகிறோம். 2009இல் தாமஸ் ஃப்ரிட்ஸ் குழுவினர் கேமரூனில் மேற்கத்திய இசையே கேட்டறியாத மாஃபா மக்களிடம் பியானோத் துண்டுகளை வாசித்துக் காட்டி, மகிழ்ச்சி, சோகம், பயம் என மூன்று முகங்களின் படங்களில் எது பொருந்தும் என்று கேட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைப்பதைவிட நன்றாகவே சரியாகச் சொன்னார்கள். ஆனால் மேற்கத்தியக் கேட்பவர்கள் அளவுக்கு இல்லை. அந்த இடைவெளியையும் கவனியுங்கள். கொஞ்சம் எல்லா மனிதருக்கும் பொது. மிச்சம் கேட்டுக் கேட்டுப் பழகியது.

அந்தப் பழக்கத்தை இயற்கை என்று எடுத்துக்கொள்வதால்தான் பாட்டு எழுத வருகிறவர்கள் பலர் தவறான இடத்தில் நேரத்தைக் கொட்டுகிறார்கள். மேற்கத்திய இசையின் இரண்டு ஸ்வர வரிசைகளில் மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம். இந்த ராகம் போட்டால் அழுகை, அந்த ராகம் போட்டால் வீரம். கேட் ஹெவ்னர் 1930களில் ஒரே இசைத் துண்டை மேஜரிலும் மைனரிலும், வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி வாசித்துச் சோதித்தார். மேஜர், மைனர் வித்தியாசத்துக்கு விளைவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வேகத்தின் பங்கும் அதில் மிகப் பெரியது. மைனரில் குதித்து ஆடும் நடனப் பாட்டுகள் கிழக்கு ஐரோப்பாவில் எத்தனையோ. நம் பக்கம் முகாரி என்றாலே ஒப்பாரி என்று கேலி பேசுவார்கள். ஆனால் சபரி பெற்ற பேற்றை வியந்து தியாகராஜர் பாடிய கீர்த்தனை முகாரியில்தான் இருக்கிறது. அதைப் பாடக் கேட்டவர்களுக்கு ராகத்துக்கும் ரசத்துக்கும் கணக்குப்பிள்ளை போல வரவு வைக்க முடியாது என்பது புரியும். உங்களிடம் ஒரு மெட்டு இருந்து அது 'சோகமாக வரவில்லை' என்று தோன்றினால், ராகத்தை மாற்றுவதற்கு முன் பாதி வேகத்தில், ஒன்றரைக் கட்டை இறக்கி, பக்கத்தில் தூங்குகிறவர் எழாதபடி பாடிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இரண்டாவது விஷயம், அதாவது கேட்பவருக்குள் ஏதோ நடப்பது, இதைவிடச் சுவாரஸ்யமானது. இசை காலத்தில் ஓடுவது. ஓடுகிற எதிலும் அடுத்து என்ன வரும் என்று மனசு முந்திக்கொண்டே இருக்கும். அந்த எதிர்பார்ப்பைத் தள்ளிப்போடுவதிலும் ஏமாற்றுவதிலும் கடைசியில் கொடுப்பதிலும்தான் உணர்ச்சி பிறக்கிறது என்று லெனார்ட் மேயர் 1956இல் ஒரு நூலே எழுதினார். டேவிட் ஹூரன் அரை நூற்றாண்டு கழித்து அதை விரிவாக வளர்த்தார். கோட்பாடாகச் சொன்னால் வறட்சியாக இருக்கும், வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். சங்கராபரண ஸ்வரங்களில் ப ம க ரி என்று இறங்கி ரியிலேயே நில்லுங்கள். உடம்பு ஸவைக் கேட்கும். கொடுக்காதீர்கள். இரண்டாவது வரியிலும் அதே ப ம க ரி, அங்கேயே நிறுத்துங்கள். மூன்றாவது வரியில் ரிக்கு வந்ததும் கீழே போகாமல் கவுக்கு ஏறிவிடுங்கள். நான்காவது வரியில்தான் ஸவில் உட்காருங்கள். ஒரு சொல்கூட இல்லாமல் காத்திருத்தல், ஏமாற்றம், வந்து சேர்தல் மூன்றும் நடந்துவிட்டன. இப்போது அந்தக் கடைசி ஸ எந்தச் சொல்லின் மேல் விழுகிறது என்பதுதான் எழுதுகிறவரின் வேலை. 'வீடு' என்ற சொல்லின் முதல் எழுத்தில் விழுந்தால் வந்து சேர்ந்ததாகிறது. 'என்று', 'அந்த' போன்ற ஒட்டுச் சொல்லில் விழுந்தால் நாலு வரியாகச் சேர்த்த அத்தனையும் வீண். மெட்டு நன்றாக இருந்தும் பாட்டு ஒட்டாமல் போகிற இடங்களில் பாதி இப்படிப்பட்டவை. கேட்பவர்களுக்குக் காரணம் தெரியாது, 'என்னமோ இடிக்குது' என்பார்கள்.

ஜான் ஸ்லோபோடா 1991இல் கேட்பவர்களிடம், எந்தப் பாட்டின் எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது, எங்கே மயிர் கூச்செறிகிறது என்று விசாரித்தார். கண்ணீர் வந்த இடங்களில் அடிக்கடி காணப்பட்டது, சேர வேண்டிய ஸ்வரத்துக்குப் பக்கத்து ஸ்வரத்தில் கொஞ்சம் சாய்ந்து நின்று பிறகு இறங்கும் அமைப்பு. மேலே ரியில் நிறுத்தி ஸவில் இறக்கினோமே, அதற்கு உறவு. மயிர் கூச்செறிந்த இடங்களில் எதிர்பாராத ஸ்ருதிச் சேர்க்கை மாற்றங்கள் இருந்தன. பிறகு மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். 2011இல் வலோரி சலிம்பூர், ராபர்ட் ஸடோரே குழுவினர், பிடித்த இசையைக் கேட்கும்போது, இன்பத்தோடு தொடர்புள்ள மூளை வேதிப்பொருளான டோபமின் சுரப்பதைக் காட்டினார்கள். உச்ச இடத்துக்குக் காத்திருக்கும்போது ஒரு பகுதியிலும், உச்சம் வந்தபோது வேறு பகுதியிலும் அது நடந்தது. அழகான முடிவு. ஆனால் அவர்கள் சோதித்தது கேட்டால் கட்டாயம் சிலிர்ப்பு வருகிறவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த சிலரை. அதோடு, டோபமின் என்று பேர் சொல்லிவிட்டால் ஒரு தாலாட்டும் ஒரு ஒப்பாரியும் ஏன் வேறு வேறாகத் தைக்கின்றன என்பதற்குப் பதில் கிடைத்துவிடாது. 'மூளை அறிவியல் கண்டுபிடித்துவிட்டது' என்று எழுதுகிறவர்களைக் கண்டால் நான் கொஞ்சம் ஒதுங்கி நடப்பேன்.

இனி வரிகள். என் அனுபவத்தில் புதிதாக எழுதுகிறவர்களின் முதல் சிக்கல், 'சோகம்' என்பதை ஒரே பொருளாக நினைப்பது. தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சி, எட்டு என்று சொல்லி, அழுகையை மட்டும் எடுத்து அதற்கு நாலு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வரும் அழுகை, இழந்ததால் வருவது, இருந்த நிலை குலைந்து தளர்வதால் வருவது, இல்லாமையால் வருவது. பாட்டெழுத உட்காருகிறவருக்கு இதைவிட உபயோகமான பட்டியலை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இளிவின் அழுகைக்குள் கோபம் இருக்கும், அதன் தாளம் நிமிர்ந்து நிற்கும். அசைவின் அழுகை பழைய பெருமையைப் பேசும், அதற்கு நீண்ட வரிகள் வேண்டும். வறுமையின் அழுகை பெரும்பாலும் கணக்குப் போடும். இழவின் அழுகை பக்கத்தில் ஆள் இருப்பதுபோலப் பேசும். எந்த அழுகை என்று முடிவு செய்யாமல் 'துயரக் கடல்', 'கண்ணீர் நதி' என்று எழுதினால், நீர்நிலைகள் நிறையும், பாட்டு நிறையாது.

ஒரு மாணவி தன் அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். இறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்தது. பல்லவி, 'அப்பா நீ இல்லாமல் வாழ்வே இருளானதே' என்ற தோரணையில், மேல் ஸ்தாயியில், முழுக்குரலில். எந்த அழுகை என்று கேட்டேன், இழவு என்றார். சரி, அவர் இல்லை என்பது கடைசியாக உங்களுக்கு எப்போது உறைத்தது என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: அப்பாவுக்கு டீவி சத்தமாக வைத்தால் பிடிக்காது, வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே தொண்டையைச் செருமுவார், இவர் ஓடிப்போய் ரிமோட்டைத் தேடுவார், இப்போதும் மாடிவீட்டுக்காரர் படியேறும்போது செருமினால் கை தானாக ரிமோட்டுக்குப் போகிறதாம். இதைப் பாட்டில் வைக்கலாமா என்று தயங்கினார், ரிமோட்டெல்லாம் பாட்டுக்கு ஆகுமா என்று. கடைசியில் பல்லவி இப்படி வந்தது: 'வாசலில் யாரோ செருமினால் போதும், டீவியின் சத்தம் குறைக்குது கை.' மெட்டைக் கீழே இறக்கினோம். 'போதும்' என்பதற்கு அப்புறம் இரண்டு எண்ணிக்கைக்குச் சுருதி மட்டும், வேறொன்றும் இல்லை. அந்த இடைவெளியில் கேட்பவர் அறைக்குள் நடப்பதைத் தானே பார்த்துவிடுகிறார். இறப்பு என்ற சொல்லே பல்லவியில் கிடையாது. அங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு நினைவு வந்தது அவருடைய மாமனார். இன்னொருவர் பழைய விடுதிக் காப்பாளரை நினைத்துச் சிரித்துவிட்டு, சரணத்தில் அமைதியாகிவிட்டார். மாணவியின் சோகம் யாருக்கும் போய்ச் சேரவில்லை. அவரவர் சொந்தச் சரக்கு எழுந்து வந்தது. கேள்வி கேட்டவருக்கு நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயம் இதுதான். எழுதுகிறவர் உணர்ச்சியை ஏற்றி அனுப்புவதில்லை. கேட்பவரிடம் ஏற்கெனவே இருப்பது எழுந்து நடமாடுவதற்கு ஒரு இடத்தைக் கட்டிக் கொடுக்கிறார். அந்த இடத்தைச் சரியாகக் கட்டத் தெரிந்தால் போதும்.

ஒலியும் அந்தக் கட்டுமானத்தில் சேர்த்தி. உச்ச ஸ்வரத்தில் நீட்டி நிற்க வேண்டிய இடத்துக்கு ஆ, ஓ போன்ற நெடில் கிடைத்தால் பாடகர் கும்பிடுவார். அங்கே குறில் இகரத்தை வைத்து, அடுத்தாற்போல் 'ட்', 'க்' என்று அடைத்தால் எப்பேர்ப்பட்ட உணர்ச்சியும் தொண்டையிலேயே மாட்டிக்கொள்ளும். குறில் நெடிலை மாற்றி இழுத்தால் தமிழில் பொருளே மாறிவிடும் என்பதால் மொழிபெயர்ப்புப் பாட்டுகளில் இந்த அவஸ்தை அதிகம். இன்னொரு விஷயம், மைக். மைக் இல்லாத நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பா போன்றவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்று உச்சஸ்தாயியில் பாடினார்கள். அன்றைக்குச் சோகமும் உரக்கத்தான் இருந்தது. 1925 வாக்கில் மின்சார ஒலிப்பதிவு வந்த பிறகுதான் காதோடு பேசுவதுபோல ஒருவர் பாட முடிந்தது. முணுமுணுப்பே நெருக்கம் என்று இன்று நமக்குத் தோன்றுவதில் ஒரு பங்கு அந்தக் கருவி கொடுத்தது.

எழுதியவரின் சொந்தக் கதையைப் பாட்டில் தேடுகிற பழக்கத்துக்கு நம்மிடமே ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது, சிலப்பதிகாரத்தின் கானல்வரி. கடற்கரையில் கோவலன் யாழை வாங்கி மனம்போனபடி பாடுகிறான். அதில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக மாதவி எடுத்துக்கொள்கிறாள். தனக்கும் அப்படி ஒரு குறிப்பு இருப்பதுபோல, 'போல' மட்டும்தான், அவள் திருப்பிப் பாடுகிறாள். அவன் அதை ஒப்புதல் வாக்குமூலமாகவே கேட்டுவிடுகிறான். 'மாயப்பொய் பல கூட்டும் மாயத்தாள் பாடினாள்' என்று எழுந்து போனவன், பிறகு மதுரைக்குப் போய் உயிரையே விடுகிறான். இரண்டு பேர் பாடியதும் அந்தத் துறைக்கு உரிய பாட்டுகள். தோழி பேசுவதுபோல, தலைவி பேசுவதுபோல வேடம் கட்டிய குரல்கள். கேட்டவர்கள் வேடத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். அகப்பாடல்களில் யார் பெயரும் சொல்லக் கூடாது என்று விதி வைத்தவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். 'நான்' என்று தொடங்கும் பாட்டில் அந்த 'நான்' எழுதியவர் இல்லை; பாடும் நேரத்துக்கு அது பாடுகிறவருடையது, கேட்கும் நேரத்துக்குக் கேட்பவருடையது. அனுபவம் இல்லாமல் எழுதினால் பொய்யா என்ற கேள்விக்கு மாதவி தரப்பிலிருந்துதான் நான் பதில் சொல்வேன். உங்கள் வேடத்துக்கு நீங்கள் ஒழுங்காக இருந்தால் போதும். செருமலுக்கும் ரிமோட்டுக்கும் சமமான ஒன்றைக் கவனித்து வைத்திருக்காமல், அடுத்தவர் பாட்டிலிருந்து 'கண்ணீர் நதி'யை எடுத்து வைத்தால்தான் அது பொய்.

இனி சந்தேகத்துக்குரியவை. சோகப் பாட்டு ஏன் இனிக்கிறது? ஆறுதல் தரும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் காரணமாக இருக்கலாம் என்று ஹூரன் 2011இல் ஒரு ஊகத்தை வைத்தார். படிக்க நன்றாக இருக்கிறது, நிறுவப்பட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நெகிழ்ச்சி என்ற தனி அனுபவம் ஒன்று இருக்கிறது, சோகம் அதற்கு வழிவிடுகிறது, நாம் விரும்புவது அந்த நெகிழ்ச்சியை என்கிறார்கள் இன்னும் சிலர். நான் பார்த்தவரை அது பொருந்தி வருகிறது. மனித இனம் ஏன் பாட ஆரம்பித்தது என்பது அதைவிடப் பெரிய ஊகம். துணையைக் கவர என்றார் டார்வின், 1871இல். இசை என்பது மொழிக்கும் மற்றதுக்கும் உருவான திறன்களைச் சும்மா குஷிப்படுத்தும் பண்டம் என்று 1997இல் உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் சொல்லப் போய், இசைக்காரர்களிடம் இன்றுவரை திட்டு வாங்குகிறார். தாயும் குழந்தையும், கூட்டமாக உழைப்பது, சேர்ந்து ஆடுவது என்று வேறு கட்சிகளும் உண்டு. இவற்றில் எதையும் ஆதியில் போய்ப் பார்த்துச் சரிபார்க்க வழி இல்லை. இன்று உறுதியாகச் சொல்ல முடிவது இவ்வளவு: 2019இல் சாமுவேல் மெர் குழுவினர் உலகின் பல சமூகங்களின் பாட்டுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தேடிய சமூகங்கள் எல்லாவற்றிலும் பாட்டு இருந்தது, தெரியாத மொழியிலும் தாலாட்டையும் நடனப் பாட்டையும் கேட்பவர்களால் பெருமளவு அடையாளம் காண முடிந்தது. காதல் பாட்டுகளை இனம் காண்பது அவ்வளவு எளிதாக இல்லை என்பது எனக்குப் பிடித்த தகவல். நாம் அதிகம் எழுதுவது அதைத்தானே.

எழுதினால் மனசு லேசாகுமா என்று பலர் கேட்பார்கள். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் தொடங்கிய ஆய்வுகளில், வலித்த அனுபவத்தைச் சில நாள் தொடர்ந்து எழுதியவர்களுக்குப் பின்னாளில் சில நன்மைகள் தெரிந்தன. பின்னால் வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் விளைவு சிறியது. அதுவும் யாருக்கும் காட்டாமல் எழுதுவது பற்றியது. பாட்டு எழுதுவது வேறு. பாட்டில் சந்தம் இடிக்கிறதா, சரணம் நீளமா என்று ஆயிரம் வேலை இருக்கிறது. அந்த வேலைதான் எழுதுகிறவரைக் கொஞ்சம் தூரத்தில் நிறுத்துகிறது என்பது என் எண்ணம். அந்த மாணவியும் 'குறைக்குது', 'குறைக்கும்' எது பொருந்தும் என்று அரை மணி நேரம் சண்டை போட்டார். அப்போது அவர் முகத்தில் இருந்தது துக்கம் இல்லை. ஆனால் இதை மருந்தாக யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நிஜமாகத் தாங்க முடியாத நிலையில் இருப்பவர் மருத்துவரிடம் போக வேண்டும், மெட்டுப் போடுகிறவனிடம் அல்ல.

ஆகவே கேட்டவருக்கு: பெரிய துயரம் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்தவர் சொல்லும் விஷயங்களில் எந்த இடத்தில் அவர் குரல் ஒரு நொடி மாறுகிறது என்று கவனியுங்கள், அங்கேதான் சரக்கு இருக்கிறது. அழுகை என்றால் நாலில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த உணர்ச்சியின் பேரைப் பல்லவியில் எழுதாமல் பல்லவியை முடிக்கப் பாருங்கள். எழுதியதைச் சத்தமாகப் பாடாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள், காகிதத்தில் நன்றாக இருக்கும் வரிகளில் பாதி வாயில் நிற்காது. பல்லவி ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அதற்கு முன் பாடிய சரணம் அதன் பொருளைக் கொஞ்சம் நகர்த்தியிருக்க வேண்டும். நகரவில்லையென்றால் சரணத்தைத்தான் திருத்த வேண்டும். இவ்வளவும் செய்த பிறகும் சில பாட்டுகள் யாரையும் தொடாது, அவசரத்தில் எழுதிய ஏதோ ஒன்று தொட்டுவிடும். அதை முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் என்னிடம் இல்லை, வைத்திருப்பதாகச் சொல்லிப் பயிற்சி வகுப்புக்குக் காசு கேட்கிறவர்களிடமும் இல்லை.

அந்த மூன்றுக்கும் அப்பால், மெட்டு முதலா வரி முதலா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தார். இரண்டு வழியிலும் நல்ல பாட்டு வந்திருக்கிறது. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் மெட்டுக்கு எழுதிப் பழகுவது நல்லது. சந்தம் கையைப் பிடித்துக்கொள்ளும், வழவழவென்று எழுத விடாது. சொந்த மெட்டு இல்லையென்றால், தெரிந்த ஒரு மெட்டின் பழைய வரிகளை மறந்துவிட்டு 'தன்னானே'யாக மட்டும் வைத்துக்கொண்டு பல்லவி ஒன்று எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். சரணம் இப்போதைக்கு வேண்டாம்.